இரண்டு மணி நேரக் கைமாற்று

கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை நாள் தூக்கக் கூடாது டாக்டர்?"

"ஆறு வாரமாவது கனம் தூக்கக் கூடாதும்மா."

எங்கள் வீட்டுக் கனம் அப்போது 31 கிலோ. தம்பி என்று நாங்கள் கூப்பிடும் என் மகனுக்குப் பதிமூன்று வயது. பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் உடம்பின் அசைவு கட்டுக்குள் இருக்காது), கூடவே வலிப்பு. கட்டிலிலிருந்து வீல்சேருக்கு, அதிலிருந்து குளியல் நாற்காலிக்கு, மறுபடி கட்டிலுக்கு என்று ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது அவனைத் தூக்குவேன். ஆறு வாரம் எங்கே போவது? ஆபரேஷனைப் பதினோரு மாதம் தள்ளிப் போட்டேன். ரத்தம் போய்ப் போய் ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கி, மாடிப்படி ஏறும்போது கண் இருட்டிய பிறகுதான் வழிக்கு வந்தேன்.

அந்தப் பதினோரு மாதமும் உதவிக்கு ஆளே இல்லையா என்றால், இருந்தார்கள். நாத்தனார் கேட்டார். எதிர்வீட்டு அக்கா கேட்டார். "அவனைப் பத்தி உங்களுக்குத் தெரியாதுக்கா, கஷ்டம்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அவர்களுக்குத் தெரியாது என்பது உண்மைதான். சொல்லிக் கொடுத்தால்தானே தெரியும்? அவனுக்கு எப்படி ஊட்டுவது, எந்தப் பக்கம் படுக்க வைப்பது, எந்த அழுகைக்கு என்ன அர்த்தம், எல்லாமே என் தலைக்குள் இருந்தது. நான் படுத்தால் அதுவும் சேர்ந்து படுத்துவிடும்.

வீட்டில் ஒருவரை முழு நேரமும் பார்த்துக்கொள்கிறவருக்குக் கொஞ்ச நேரமோ சில நாட்களோ ஓய்வு கிடைக்கும்படி வேறொருவர் பொறுப்பை ஏற்பதை ரெஸ்பைட் கேர் என்கிறார்கள். நான் வைத்திருக்கும் பெயர் கைமாற்று. மாசக் கடைசியில் பக்கத்து வீட்டில் ஐந்நூறு வாங்கி, சம்பளம் வந்ததும் திருப்பிக் கொடுப்போமே, அதே மாதிரி. பிள்ளையை இன்னொரு கையில் கொடுக்கிறோம், சொன்ன நேரத்துக்கு வாங்கிக்கொள்கிறோம். பணக் கைமாற்றுக்குச் சீட்டு கிடையாது. இதற்குச் சீட்டு கட்டாயம் எழுத வேண்டும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் நோட்டு

எண்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்குங்கள். போனில் டைப் பண்ணி வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. போன் உங்கள் கையோடு வெளியே போய்விடும், நோட்டு பிள்ளையோடு இருக்கும்.

உட்கார்ந்து யோசித்து எழுதினால் பாதிதான் வரும், ஏனென்றால் நம் கைக்குத் தெரிந்ததெல்லாம் மூளைக்குத் தெரியாது. எனக்கு அண்ணன் மகள் எழுதிக் கொடுத்தாள். மூன்று நாள் என் பின்னாலேயே நோட்டும் பேனாவுமாகச் சுற்றினாள். "அத்தை, இப்ப ஏன் தலகாணிய முட்டிக்கு அடியில வச்சீங்க?" என்று அவள் கேட்ட பிறகுதான், நான் அப்படி வைக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. எதுவும் தெரியாத ஒருவர் சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

எங்கள் நோட்டில் சாப்பாட்டுப் பக்கம் இப்படி இருக்கிறது:

"சாதத்தை மிக்ஸியில் அடிக்க வேண்டாம், கையால் நன்றாகக் குழைத்தால் போதும். பருப்பு, தயிர் இரண்டும் ஒத்துக்கொள்ளும். ரசத்தைத் தனியாக ஊற்றிக் கொடுத்தால் புரையேறும். நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள், தாடை கொஞ்சம் கீழே இறங்கி இருக்கட்டும். சின்ன ஸ்பூனைக் கீழுதட்டில் வைத்துக் காத்திருங்கள், அவனே இழுத்துக்கொள்வான். ஒரு வேளைக்கு 40 நிமிடம் ஆகும். அவசரப்படுத்தினால் துப்புவான். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்."

இது என் பிள்ளைக்கான பக்கம். உங்கள் பிள்ளைக்கு விழுங்குவதில் சிக்கல் இருந்தால், அவனைப் பார்க்கும் தெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டித் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்துப் பக்கத்தில் பெயரோடு நிறுத்தாமல் காலி மாத்திரை அட்டையையும் ஒட்டிவிடுங்கள். பெயரைப் படிக்கத் தடுமாறுகிறவரும் அட்டையைப் பார்த்துச் சரியாக எடுத்துவிடுவார். சிரப்புக்கு ஸ்பூன் கணக்கு எழுதாதீர்கள், ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒரு அளவு. ஊசி இல்லாத சிரிஞ்சில் கோடு போட்டுக் கொடுங்கள். ஒரு வேளை தவறினாலே வலிப்பு வரலாம் என்பதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

வலிப்புக்கு ஒரு முழுப் பக்கம். எங்கள் வீட்டில் தம்பிக்கு வெட்டத் தொடங்கினால் என் மாமியார் சாவிக்கொத்தோடு ஓடி வருவார். பாசம்தான், ஆனால் சாவியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால் அந்தப் பக்கத்தின் முதல் வரியே "கையில் இரும்பு கொடுக்காதீர்கள்." அடுத்தது, "வாயில் ஸ்பூனோ துணியோ வைக்காதீர்கள், கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மருந்து, 108-க்கு போன், அப்புறம் எனக்கு போன்." இந்த வரிசை முக்கியம். முதலில் எனக்கு அடித்து, நான் எடுக்காமல் போனால் என்ன ஆகும்? மூக்கு மருந்தின் அளவை டாக்டர் எழுதிய சீட்டு உள்அட்டையில் ஒட்டியிருக்கிறது.

அவன் பேச மாட்டான். அதனால் பேச்சுக்கும் ஒரு பக்கம். கண்ணை மேலே தூக்கினால் ஆமாம். மணிக்கட்டைக் கடித்தால் பாத்ரூம். கதவைப் பார்த்துச் சிரித்தால் வெளியே போக வேண்டும். இடது காலை மட்டும் உதைத்தால் ஃபேன் வேகத்தைக் குறைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிக்க எனக்கே ஒன்பது வருஷம் ஆனது. வருகிறவர் ஒன்பது வருஷம் காத்திருக்க முடியுமா?

நோட்டின் பின்பாதியைக் காலியாக விடுங்கள். அது வருகிறவர் எழுதுவதற்கு.

சனிக்கிழமை நாலு மணி

"ஏதாவது வேணும்னா சொல்லு." இதைச் சொல்லாத சொந்தக்காரர் யாராவது உண்டா? நாமும் "சரிங்க, சொல்றேன்" என்போம். அதோடு முடிந்தது. அடுத்த தடவை யாராவது அப்படிச் சொன்னால் அங்கேயே, அந்த நிமிஷமே, "சனிக்கிழமை நாலு மணிலருந்து ஆறு மணி வரைக்கும் தம்பிகூட இருக்க முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள். நாளும் மணியும் சொல்லிக் கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் நழுவுவார்கள். மீதி இரண்டு பேர்தான் நமக்கு வேண்டியவர்கள்.

முதல் சனிக்கிழமை நீங்கள் வீட்டிலேயே இருங்கள். வேலை முழுவதையும் அவர் செய்யட்டும், உங்கள் கை போகக் கூடாது. எனக்கு அது ஆபரேஷன் வலியைவிடக் கஷ்டமாக இருந்தது. அடுத்த வாரம் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். மூன்றாவது வாரம் வீட்டை விட்டு வெளியே. நான் முதல் தடவை காவிரிக்கரை அம்மா மண்டபம் வரைக்கும் போனேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான். படித்துறையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. நாற்பதாவது நிமிஷம் எழுந்து வீட்டுக்கே வந்துவிட்டேன். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான், எதிர்வீட்டு அக்கா தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தார். "ஏன்டி, அதுக்குள்ள வந்துட்ட?"

சொந்தமோ அக்கம்பக்கமோ, ஒரு தொகை கொடுங்கள். வாங்க மறுத்தால் பஸ் காசு, புடவை, ஏதாவது ஒரு வழி இருக்கும். காசு வந்தால் உறவு கெடும் என்பார்கள். என் அனுபவத்தில், கொடுக்காமல் ஆறு மாதம் வாங்கிக்கொண்டதால்தான் ஒரு உறவு கெட்டது.

பிசியோ சென்டரில் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அம்மாக்களை விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு டயப்பர் மாற்றத் தெரியும், கைகாலை நேராகப் பிடித்து வைக்கும் ஸ்பிளிண்ட் கட்டத் தெரியும், எச்சில் ஒழுகினால் முகம் சுளிக்க மாட்டார்கள். இரண்டு அம்மாக்கள் சேர்ந்து ஒரு வாரம் உங்கள் வீடு, ஒரு வாரம் எங்கள் வீடு என்று மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பிள்ளைகளுக்குமே அடிக்கடி வலிப்பு வரும் என்றால் மட்டும் ஒரே ஆளிடம் இருவரையும் விடாதீர்கள்.

சம்பளத்துக்கு ஆள்

ஆபரேஷன் சமயத்தில் ஒரு ஏஜென்சி மூலம் ஆள் வைத்தேன். 2022-இல் பகல் 12 மணி நேரத்துக்கு 900 ரூபாயும் சாப்பாடும். பத்து நாளில் நாலு பேர் மாறினார்கள். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தேன். நோட்டு மட்டும் இல்லாவிட்டால் தையலைப் பிரித்துக்கொண்டு நானே தூக்கியிருப்பேன்.

ஏஜென்சியிடம் பேசும்போது சம்பளத்துக்கு முன்னால் இவற்றைப் பேசுங்கள்: ஆள் மாறினால் ஒரு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், புது ஆள் வரும் அன்று பழையவர் இரண்டு மணி நேரம் கூட இருந்து காட்டிவிட்டுப் போக வேண்டும், பிள்ளையைத் தூக்குவது, கால் கழுவிவிடுவது, துணி துவைப்பது இதில் எதெல்லாம் அவர் வேலை என்று எழுத்தில் வேண்டும். "எல்லாம் பண்ணுவாங்க மேடம்" என்ற பதிலை நம்பாதீர்கள். ஆதார் நகல் வாங்குங்கள், போலீஸ் சரிபார்ப்பு ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

வருகிறவரை எடை போட எனக்கு ஒரே ஒரு வழிதான். உள்ளே வந்ததும் அவர் யாரிடம் பேசுகிறார் என்று பார்ப்பேன். பிள்ளையின் தலைக்கு மேலேயே "இவனுக்கு என்ன ப்ராப்ளம்?" என்று என்னைக் கேட்டவர்கள் நிலைக்கவில்லை. ஐந்தாவதாக வந்த அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே வீல்சேர் பக்கம் போய், "தம்பி, நான் இங்க உக்காரட்டுமா?" என்றார். அவன் கண்ணை மேலே தூக்கினான். அந்த அக்கா இன்றைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை வருகிறார்.

சொல்லக் கசப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பேசாத பிள்ளையை யாரிடம் விட்டாலும் கண் வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் ஒரு நாள் சீக்கிரம் வீட்டுக்கு வாருங்கள். குளிப்பாட்டும்போது முதுகு, தொடை, அக்குள் எல்லாம் பாருங்கள். அந்த ஆள் பக்கத்தில் வந்தாலே பிள்ளையின் உடம்பு விறைத்துப்போகிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால் நிரூபணத்துக்காகக் காத்திருக்காதீர்கள், அன்றோடு நிறுத்துங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

இரவு தங்க விடுவது

ஒரு கல்யாணத்துக்காக இரண்டு ராத்திரி தம்பியை ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டேன். திரும்பி வந்தபோது வால் எலும்புப் பக்கம் தோல் சிவந்து கன்றியிருந்தது. பையைத் திறந்தால் இரண்டாம் நாள் ராத்திரி மாத்திரை அட்டையிலேயே இருந்தது. கேட்டதற்கு, "நீங்க சொல்லவே இல்லையே" என்றார்கள். மூன்று பேரிடம் சொன்னேன், மூன்று பேரிடமும் வாயால் சொன்னேன். நோட்டைக் கொடுத்தேனா? கொடுத்தேன். வாங்கியவர் அதை ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு ஷிப்ட் முடிந்து போய்விட்டார்.

அதிலிருந்து, உள்ளே விடும்போது மாத்திரையை அவர்கள் முன்னாலேயே எண்ணி, ஒரு தாளில் எழுதி, ராத்திரி யார் கொடுக்கப் போகிறாரோ அவரிடமே கையெழுத்து வாங்குகிறேன். திரும்ப அழைத்து வரும்போது மறுபடி எண்ணுகிறேன். அவர்களுக்குப் பிடிக்காதுதான். பரவாயில்லை.

இடம் பார்க்கப் போகிறவர்கள் பார்வையாளர் நேரத்தில் போகாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் போனால், நாற்பது நிமிடம் ஊட்ட அங்கே ஆள் இருக்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். "ராத்திரி ரெண்டு மணிக்கு யார் முழிச்சிருப்பாங்க, எத்தனை பேருக்கு ஒருத்தர்?" என்று கேளுங்கள். திரும்பத் தெரியாத பிள்ளை என்றால், ராத்திரியில் யார் எழுந்து பக்கம் மாற்றிவிடுவார்கள் என்று கேளுங்கள். என் பிள்ளைக்குப் புண் வந்ததே அதனால்தான்.

இடங்களை எங்கே தேடுவது? உங்கள் மாவட்டத்தின் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொடங்குங்கள். யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை), அது இன்னும் வராவிட்டால் ஊனச் சான்றிதழ் நகல், எடுத்துப் போங்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் இந்த நாலுக்கும் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நேஷனல் டிரஸ்ட் என்ற மத்திய அமைப்பு இருக்கிறது. அதில் பதிவு செய்த தொண்டு நிறுவனங்கள் மூலமாகத்தான் திட்டங்கள் நடக்கின்றன. பகல் நேரப் பராமரிப்புக்கு, பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 'திஷா', மேற்பட்டவர்களுக்கு 'விகாஸ்'. தங்கிப் பராமரிப்பதற்கு 'சமர்த்', 'கரௌண்டா'. சமர்த்தில் நெருக்கடியில் இருக்கும் குடும்பங்களுக்கும் இடம் உண்டு. பெயர்களெல்லாம் இந்தியில் இருக்கிறதே என்று தயங்காதீர்கள், பெயரைச் சொல்லியே கேளுங்கள். "ஏதாவது ஸ்கீம் இருக்கா சார்?" என்றால் "இல்லம்மா" என்பது சுலபம். "விகாஸ் சென்டர் நம்ம மாவட்டத்துல எங்க இருக்கு?" என்றால் பீரோவைத் திறப்பார்கள். பதிவு செய்த தொண்டு நிறுவனத்துக்குப் போகும்போதே, லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தரும் 'நிராமயா'வுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். அதில் தெரபிச் செலவும் வரும்.

சென்னையில் 1985-இல் தொடங்கிய வித்யா சாகர், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981 முதல் இருக்கும் அமர் சேவா சங்கம், முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசு நிறுவனம், இப்படி வருஷக்கணக்காகக் குடும்பங்களோடு பழகிய இடங்களுக்கும் ஒரு போன் போடுங்கள். நீங்கள் கேட்கிற நாளில் தங்க இடம் இல்லையென்றாலும், உங்கள் ஊரில் யாரைக் கேட்கலாம் என்று விசாரித்துப் பாருங்கள்.

பணம் எங்கே இருக்கிறது என்பீர்கள். தம்பிக்குத் தமிழக அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய் வருகிறது. அறிவுசார் குறைபாடு, கடுமையான ஊனம் உள்ளவர்களுக்கு வரும். அதில் பாதியை நான் தொடுவதில்லை. நாலு சனிக்கிழமைக்கு 250 வீதம் ஆயிரம் ரூபாய் அக்காவுக்கு. வீட்டில் வருமான வரி கட்டுகிறவர் இருந்து பழைய முறையில் கட்டினால், ஊனமுள்ளவரைப் பராமரிப்பதற்காக (பழைய சட்டத்தில் 80டிடி பிரிவு) வரிக்குரிய வருமானத்தில் 75,000 ரூபாய், கடுமையான ஊனம் என்றால் 1,25,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம்.

பிள்ளைக்குப் பதினேழு ஆகிவிட்டதா? எனக்கும் அதே கவலைதான். பதினெட்டு ஆனதும் சட்டப்படி நாம் தானாகப் பாதுகாவலர் ஆகிவிட மாட்டோம். கலெக்டர் தலைமையிலான உள்ளூர் குழுவில் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். வேறொருவர் பொறுப்பில் விடும்போது ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுவது யார் என்ற கேள்வி வந்தால் அதுதான் பதில்.

பையில் என்ன வைப்பது? இரண்டு நாள் கூடுதல் மருந்து, எண்ணி வைத்த டயப்பர், அவன் தலையணை. அப்புறம், நான் கட்டிய பழைய காட்டன் புடவை ஒன்று, துவைக்காதது. அதைப் பக்கத்தில் போட்டால் தூங்குகிறான்.

முதல் ராத்திரியை அவசரத்தில் வைக்காதீர்கள். உங்களுக்கு எந்தத் தேவையும் இல்லாத ஒரு சாதாரண வாரத்தில் அரை நாள் விட்டுப் பாருங்கள், அப்புறம் ஒரு ராத்திரி. ஆபரேஷன் தேதி குறித்த பிறகு இடம் தேடினால் கிடைத்த இடத்தில் விட வேண்டியதாகிவிடும்.

அந்த இரண்டு மணி நேரம்

ஏஜென்சி அக்கா சனிக்கிழமை வரத் தொடங்கிய முதல் நாலு வாரமும் நான் பரண் சுத்தம் செய்தேன், ரேஷன் கடைக்குப் போனேன், மாவு அரைத்தேன். ஐந்தாவது வாரம் அந்த அக்காதான், "இதுக்கா நான் வர்றேன்? போய்ப் படு" என்று விரட்டினார். தூங்கினேன். எதுவும் தோன்றாவிட்டால் தூங்குங்கள்.

"பெத்த பிள்ளைய விட்டுட்டு எங்க போற?" என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். என் மாமியாரும் கேட்டார். போன வருஷம் அவர் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. இப்போது அவருக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. முதல் வரி: "சீரியல் ஓடும்போது மாத்திரை கொடுக்காதீர்கள், துப்பிவிடுவார்." வீட்டில் படுத்திருப்பவருக்குத் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோவும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வையுங்கள். முதியோர் விஷயத்துக்கு 14567. நமக்கே மனசு தாங்கவில்லை என்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நான் ஒருமுறை பேசியிருக்கிறேன்.

திரும்பி வந்த பிள்ளை இரண்டு நாள் உங்களிடம் கோபமாக இருக்கலாம். தம்பி என் கையால் சாப்பிட மாட்டான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். மூன்றாம் நாள் சரியாகிவிடுவான். அந்த இரண்டு நாளை வைத்து, இனிமேல் எங்கேயும் விடக் கூடாது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

நோட்டின் பின்பாதியை வாரம் ஒருமுறை படியுங்கள். சனிக்கிழமை அக்கா போன மாதம் எழுதியிருந்தார்: "மழை சத்தம் கேட்டா சிரிக்கிறான். ஜன்னல் பக்கம் திருப்பி விட்டேன். அரை மணி நேரம் பாத்துட்டு இருந்தான்." மழை வந்தால் ஜன்னலைச் சாத்துகிறவள் நான், சளி பிடிக்குமே என்று. அந்த வரியை முன்பாதியில், பேச்சுப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.